வெடி இல்லாமல் மாப்பிள்ளை இறங்குவார்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். கோபத்தில் பேசினால் நான் சொல்லவந்தது பாதியில் நின்றுபோகும், மீதிப் பாதி சத்தமாகப் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடியாது. உன் கல்யாணத்தன்று செவலையை எங்கேயும் கொண்டுபோய் விடமாட்டேன். அது நம் வீட்டில், உன் கட்டிலுக்கு அடியில், எப்போதும் படுக்கிற இடத்தில்தான் படுத்திருக்கும். கல்யாணமும் பேசினபடி நம் தோப்பில்தான் நடக்கும். வெடி மட்டும் கிடையாது.

நீ கேட்டது ஒன்றும் ஊரில் இல்லாத விஷயமில்லை. மாப்பிள்ளை வீட்டார் கனால் வாய்க்கால் பாலத்தில் வேனை விட்டு இறங்கியதிலிருந்து பந்தல் வாசல்வரைக்கும் சரவெடி போட்டுக் கூட்டிவருவது நம் பக்கத்து வழக்கம். நம் குடும்பத்தில் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்வோம், காரணம் உன் பெரியப்பா. கோயில் நோம்பித் திருவிழாவில் வெடிப் பொறுப்பை வருஷா வருஷம் தலையில் போட்டுக்கொள்கிற மனிதர் அவர். பெண் பிள்ளை இல்லாதவர், உன் கல்யாணத்துக்கு வெடி போடவேண்டும் என்று நீ பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர். சம்மந்தி வீட்டிலும் எதிர்பார்க்கிறார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். "ஒரு நாள்தானுங்கப்பா, செவலைய என்ற சிநேகிதி ஊட்டுல உட்டுருங்க. எல்லாரும் ஆசைப்படறாங்க. எனக்கொண்ணும் இல்லீங்கப்பா" என்றாய். நாய் விஷயத்தைக்கூட விடு. 'எனக்கொண்ணும் இல்லீங்கப்பா' என்றாயே, அதற்குத்தான் இத்தனை பெரிய கடிதம்.

முன்பு உன் அம்மாவும் நானும் பழனிக்குப் போனபோது செவலையை அதே சிநேகிதி வீட்டில்தான் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. சோறு வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. அந்தப் பெண் பாவம், அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அப்போது அதற்கு உடம்பில் தெம்பு இருந்தது. இப்போது வயசாகிவிட்டது. போன மாதம் மிருகாசுபத்திரி மலையாளி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் பலவீனமாக இருக்கிறது, இனி ஒரு பெரிய பயம் வந்தால் தாங்காது, வெடிச் சத்தம் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்று மலையாளத்தில் நிதானமாக, எனக்குப் புரியவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். இதை உன்னிடம் அன்றைக்கே சொன்னேன். தெரிந்துதான் கேட்டிருக்கிறாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

செவலை நம் வீட்டுக்கு எதற்காக வந்தது என்று நினைவிருக்கிறதா? காவலுக்கு. தோப்பில் தேங்காய் திருடுகிறார்கள், கடலைக்காட்டில் பன்றி இறங்குகிறது, ஒரு நல்ல குரைப்பு நாய் வேண்டும் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைச் சாக்கில் போட்டு அனுப்பினார். நீ அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். சாக்கைப் பிரித்ததும் குட்டி நேராக உன் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. அன்றைக்கு ஒளிந்ததுதான். மட்டை விழுந்தால் பயம், தேங்காய் விழுந்தால் பயம், மோட்டார் ஓட ஆரம்பித்தால் பயம், மயில் கத்தினால் பயம். தென்னந்தோப்பில் வளர்கிற நாய்க்கு மட்டை விழுந்தால் பயம் என்றால் அது எப்படித்தான் பிழைக்கும்? உன்னோடு பஸ்ஸுக்கு வரும்போதுகூடத் தோப்புக்குள் நடக்காது. கனால் கரையோடு சுற்றித்தான் போகும். நீயும் அதற்காகத் தினமும் அந்தச் சுற்று வழியிலேயே போனாய். பஸ்ஸைத் தவறவிட்டு என்னிடம் திட்டு வாங்கினாய். திருடனைக் கண்டால் இது திருடனிடமே போய் ஒளிந்துகொள்ளும் என்று ஊரே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆனால் சாயங்கால வெடிக்கு மட்டும் எனக்கே சிரிப்பு வராது. கடலைக்காட்டுப் பன்றிக்காக நான் பொழுது சாயும் நேரத்தில் வரப்பில் நின்று வெடி போடுவேன். அது விளையாட்டில்லை, போடாவிட்டால் விடியும்போது காடு உழுதுபோட்ட மாதிரி கிடக்கும். நான் தீப்பெட்டியை எடுக்கும்போதே செவலை உன் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நீயும் புத்தகத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஊர்ந்து போவாய். ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தேன். உன் இரண்டு கையும் அதன் காதைப் பொத்தியிருந்தது. உன் காது திறந்து கிடந்தது. ஒவ்வொரு வெடிக்கும் உன் கண் இறுக்கி மூடித் திறந்தது. உனக்கும் வெடி என்றால் பயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் நீ சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பெரியப்பா இதற்கு ஒரு வைத்தியம் சொன்னார். ரேக்ளாப் பந்தயத்துக்குக் காளைக் கன்றைப் பழக்கும்போது கட்டிப்போட்டுப் பக்கத்தில் கொட்டடிப்பார்கள், வெடி போடுவார்கள். கொஞ்ச நாளில் மிரட்சி தெளிந்துவிடும். அவர் தொழுவத்துக் காளைகள் எல்லாம் அப்படித் தெளிந்தவைதான். நாய்க்கும் அதேதான், மோட்டார் ரூம் தூணில் கட்டு, நான் சரவெடி கொண்டுவருகிறேன் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாடு வளர்க்கிறவனுக்கு எல்லாவற்றையும் மாடாகத்தான் பார்க்கத் தெரியும். அவர் கயிற்றோடு வந்து நின்றார். நம் குடும்பத்தில் அவர் முன்னால் நின்று பேசினவர்கள் யாரும் கிடையாது. உன் தாத்தா இருந்த காலத்தில் அவரே யோசித்துத்தான் இவரிடம் பேசுவார். நீ வாசற்படியில் நின்றாய், செவலை உன் காலுக்குப் பின்னால். உன் குரல் நடுங்கியது.

"செவலை காளை இல்லீங்க பெரியப்பா. அது பந்தயத்துக்கெல்லாம் போகாதுங்க. கயித்தக் கொண்டுபோயிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடும்போது உன் அம்மா மெதுவாக, நம்ம புள்ளைக்கு வாயிருக்குதுங்க என்றாள். ஆமாம் என்றேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அதற்குப் பிறகு நீ ஸ்கூலில் மெடல் வாங்கினாய், வேலை வாங்கினாய். எதற்கும் அந்தப் பெருமை வரவில்லை.

அதோடு நீ நிற்கவில்லை. பன்றிக்கு வெடி போடாமல் வேறு வழியே இல்லையா என்று என்னை நச்சரித்து எடுத்தாய். இல்லை என்றேன். நீயே போய் கிருஷிபவன் விவசாய ஆபீசில் கேட்டுக்கொண்டு வந்தாய்: காட்டைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டினால் பன்றி உள்ளே வராதாம். நான் சிரித்தேன். நீ ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய். யார் வீட்டு வாசலிலும் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற பிள்ளை, ஊர் முழுக்கச் சேலை கேட்டு வந்தது. கடலைக்காட்டைச் சுற்றி நீயும் அம்மாவும் கட்டி முடித்தபோது, நம் வேலி தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. பெண்கள் களை எடுக்கப் போகும்போதெல்லாம் நின்று, இது யார் சேலை, அது எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்று பேசிக்கொண்டு போவார்கள். ஒருத்தர் தன் பெண்டாட்டிக்கு ஆசையாக எடுத்துக்கொடுத்த சேலை நம் வேலியில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு, நம் வாசலுக்கும் வந்துவிட்டார். உன் அம்மா அதை அவிழ்த்துத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். அந்த இடைவெளி வழியாக அன்றைக்கே பன்றி இறங்கியது. பார்த்தாயா என்றேன் நான். நீ உன் பாவாடை ஒன்றைக் கொண்டுபோய் அந்த இடத்தில் கட்டினாய். அதற்குப் பிறகு அவ்வளவாக வரவில்லை. நான் வெடியை நிறுத்தினேன். இன்றைக்குவரைக்கும் போட்டதில்லை.

இதையெல்லாம் எதற்குத் திரும்பச் சொல்கிறேன் என்றால், நீ மறந்துவிட்டாய் என்று தோன்றுகிறது. உனக்காக நீ எதையும் கேட்டதில்லை, கண்ணு. பிளஸ் டூ முடித்ததும் உனக்கு விவசாயக் காலேஜில் சேர ஆசை என்று உன் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பி.காம். என்று சொன்னதும் சரிங்கப்பா என்றுவிட்டாய். சேலை எடுக்கப் போனால் அம்மா கை வைத்ததுதான் உனக்குப் பிடித்த கலர். மாப்பிள்ளை பார்க்க வந்தபோதுகூட உன்னிடம் தனியாகக் கேட்டதற்கு, உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரிங்கப்பா என்றாய். நல்லவேளை, பையன் நல்லவன். செவலை ஒன்றுக்குத்தான் நீ வாய் திறந்தாய். அந்த ஒன்றையும் இப்போது விட்டுக்கொடுக்க வந்திருக்கிறாய், இன்னும் கால் வைக்காத வீட்டுக்காரர்கள் முகம் கோணக்கூடாது என்று. இதைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டால் அப்புறம் உன்னிடம் விட்டுக்கொடுக்க என்ன மிச்சம் இருக்கும்? அதனால்தான் நான் விடமாட்டேன் என்கிறேன். நாய்க்காகவும்தான், உனக்காகவும்தான்.

நீ கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போன முதல் வருஷம் நோம்பி வந்ததே, அதையும் எழுதிவிடுகிறேன். முழுசாக உன்னிடம் சொன்னதில்லை. சாயங்கால வெடிக்கட்டு ஆரம்பித்ததும் செவலை கட்டிலுக்கு அடியில் போய் சிமெண்ட் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. நகத்தில் ரத்தம். நான் கூப்பிட்டால் வரவில்லை, உன் அம்மா பால் வைத்தால் பார்க்கவில்லை. உனக்குப் போன் போட்டேன். நீ யோசிக்கவே இல்லை. "கட்டிலுக்கு அடியில போங்கப்பா. காதைப் பொத்துங்க. பேச வேண்டாம், சும்மா இருங்க" என்றாய். என் உடம்பு அந்தக் கட்டிலுக்கு அடியில் எப்படிப் போகும்? உன் அம்மா காலைப் பிடித்துத் தள்ளினாள். தள்ளிவிட்டுச் சிரித்த சிரிப்பு வெடிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. செவலை முதலில் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அப்புறம் மூக்கை என் அக்குளில் நுழைத்தது. நான் இரண்டு கையாலும் அதன் காதைப் பொத்தினேன். அதன் நெஞ்சு அடிப்பது என் கைக்கு வந்தது. இத்தனை சின்ன உடம்புக்குள் இத்தனை அடிப்பா என்று இருந்தது எனக்கு. கோயில் மைதானத்தில் நின்று பார்க்கும்போது அழகாக இருக்கிற வெடி, கட்டிலுக்கு அடியில் படுத்துக் கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. நீ பள்ளிக்கூடப் பிள்ளையாக அங்கே படுத்துக் கேட்டதை நான் வயசான பிறகுதான் கேட்டேன்.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். புதன்கிழமை காலையில் உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மீனாட்சிபுரம் தாண்டி சம்மந்தி வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிட்டேன்: மாப்பிள்ளை அழைப்புக்கு வெடி போடமாட்டோம், செண்டை மேளமும் வேண்டாம், எங்கள் வீட்டு நாய்க்கு ஆகாது. சொந்தபந்தம், ஒறம்பறை எல்லாம் கேட்பார்களே என்று சம்மந்தி தயங்கினார்.

"ஒரு நாய்க்காகவாங்க?" என்றார்.

"நாய்க்காகத்தானுங்க" என்றேன். வேறு காரணம் கற்பித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் கூடாது என்று தோன்றியது. இப்போது சாக்குச் சொன்னால், நாளைக்கு நீ அந்த வீட்டில் எதற்கும் ஒரு சாக்குத் தேடவேண்டிவரும்.

மாப்பிள்ளை உள்ளே சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார் போல, வெளியே வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நாயனமும் தவிலும் இருந்தால் செவலை தாங்குமா? தவிலுக்கு நடுங்கும், ஆனால் தாங்கிக்கொள்ளும், வெடிக்குத்தான் ஆகாது என்றேன். "அப்ப நாயனம் போதுங்கப்பா. பாலத்துலருந்து நாங்க நடந்தே வந்தர்றோம், சத்தமில்லாம" என்று தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கவனித்துக்கொள். சம்மந்தி மீசையைத் தடவிக்கொண்டார். மறுக்கவில்லை. சம்மந்தியம்மா மட்டும் உள்ளிருந்து, பொண்ணு வாயைத் திறந்து கேட்டிருந்தா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம் என்றார். எனக்கு அது சுருக்கென்றது. பார், நீ யாருக்குப் பயந்தாயோ அவர்கள் இத்தனைதான். அந்த வீட்டுக்குப் போனதும் உனக்கு என்ன வேண்டுமோ அதை வாய்திறந்து சொல். குரல் நடுங்கட்டும், பரவாயில்லை. கயிற்றோடு வந்த பெரியப்பாவிடம் நடுங்கிக்கொண்டேதானே சொன்னாய்? செவலையையும் கூட்டிப்போகிறீர்களா என்று மாப்பிள்ளை கேட்டார். கோயமுத்தூர் மாடி வீட்டில் அதற்கு என்ன இருக்கிறது? அது இங்கேயே இருக்கட்டும், என்னோடு. நீ வரும்போது உன்னோடு.

பெரியப்பாவிடம் சொன்னதுதான் கஷ்டம். கேட்டுவிட்டுச் சொன்னார்: "கல்யாண ஊடாடா இது? எளவு ஊட்டுல கூட ஒரு வெடி போடுவாங்க. வெடி இல்லீன்னா நான் அங்க வரல." எனக்கு அவர் அப்பா மாதிரி. அவர் இல்லாமல் நம் வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. காலில் விழுந்திருந்தால் வந்திருப்பார். விழுவதற்கும் எனக்கு வெட்கமில்லை. ஆனால் விழுந்து எழுந்தால் வெடிக்குச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும். சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் அம்மா ரெண்டு நாள் அழுதாள். நானும் சரியாகச் சாப்பிடவில்லை. இருந்தாலும் மாற்றவில்லை.

இன்றைக்குக் காலையில் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூங்கில் விழுந்ததற்கும் செவலை உள்ளே குடுகுடுவென்று ஓடி, திரும்பி வந்து வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது கனால் கரையில் பெரியப்பா வருவது தெரிந்தது. அவர் புல்லட்டின் டபடபச் சத்தம் உனக்குத் தெரியும்தானே. அது பாலத்தில் ஏறும்போதே செவலை காணாமல் போய்விடும். இன்றைக்குச் சத்தமே இல்லை. மனிதர் பாலத்திலேயே வண்டியை அணைத்துவிட்டு, கரை முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். இந்த வயசில், அந்த எடையை. சட்டையெல்லாம் வேர்வை. வண்டியைத் தென்னையில் சாய்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பந்தல்காரனிடம், மூங்கிலைப் போடாதீங்கடா, எறக்கி வைங்க என்று அதட்டினார். உன் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, நாய் இருக்குதா என்று கேட்டார். வாசற்படியைக் காட்டினேன். செவலை அவரைப் பார்த்தபடி நின்றது, நடுங்கிக்கொண்டு. ஓடவில்லை.

ஆகவே எல்லாம் முடிவாகிவிட்டது, இனி மாறாது. ஆனால் ஊர் வாயையும் ஊர்ப் பையன்கள் கையையும் கட்டிப்போட என்னால் முடியாது. எவனாவது ஒருத்தன் ஆசையில் கனால் கரையில் நின்று ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டால் கொளுத்தியதுதான். அதற்கும் நான் யோசித்து வைத்திருக்கிறேன். பெரியப்பா மேடையில் என் இடத்தில் நிற்பார், அவரிடம் சொல்லிவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். தாலி கட்டுகிற நேரத்தில் என்னைக் காணவில்லை என்றால் நீ தேடாதே, கண் கலங்காதே, நிமிர்ந்து உட்கார். உன் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். செவலையின் காதை இரண்டு கையாலும் பொத்தியிருப்பேன். என் காது திறந்துதான் இருக்கும் கண்ணு. கெட்டிமேளம் எனக்கு அங்கேயே கேட்டுவிடும்.

அப்பா